படம் வரல, சத்தம் வருது

கறுப்பு. மறுபடியும் கறுப்பு. கீழ அந்தச் சிவப்புக் கோடு மட்டும் நகர்ந்துக்கிட்டே போகுது, ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு செகண்டுல இப்ப பதினாறு, பதினேழு, ஓடுது, நிக்கல, ஆனா படம் இல்ல, என் தங்கச்சி மூஞ்சி இல்ல, அவ கை இல்ல, ஸ்கிரீன்ல தெரியறது என் மூக்குக்கண்ணாடியும், எனக்குப் பின்னால மைக்ரோவேவ் முன்னாடி டிபன் பாக்ஸோட நிக்கிற நாலு பொம்பளைங்களும்தான். சத்தம் மட்டும் நல்லா வருது. ஃபேன் ஓடற சத்தம், எங்கேயோ குக்கர் விசில், என்னமோ கலகலன்னு. காது கேக்காத பொண்ணு அனுப்பின வீடியோவுல சத்தம் மட்டும் வருது, இதை யார்கிட்ட சொல்லி அழறது. மணிமொழிக்குப் பொறந்ததுலேருந்து காது கேக்காது, அதனால பேச்சும் இல்ல, அவ பேசறதெல்லாம் கையாலதான், கை தெரியலைன்னா அவ ஒண்ணுமே சொல்லலைன்னுதான் அர்த்தம். பதினொரு மணி பிரேக், மொத்தமே பதினஞ்சு நிமிஷம், அதுல மூணு போயாச்சு. பன்னெண்டு மணிக்கு அவ புருஷன் வீட்டு ஆளுங்க லால்குடியில எங்க அம்மா வீட்டுக்கு வந்துடுவாங்க. தை மாசம் கல்யாணம் ஆன பொண்ணு, ஆடிக்கு அழைச்சிட்டு வந்தது, ஆவணி பொறந்தாச்சு, திரும்பக் கூட்டிட்டுப் போகணும், ஊர் உலகத்துல நடக்கறதுதான். அவ பத்து இருபதுக்கு எனக்கு இதை மெயில்ல அனுப்பியிருக்கா. வீடியோவுக்கு மேல ஒரே ஒரு வரி எழுதியிருக்கா. அக்கா வீடு போ வேண்டாம்.

நாலே வார்த்தை, நாலும் நல்ல தமிழ், சேர்த்துப் படிச்சா ஒரு எழவும் புரியல. அக்கா, நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேங்கிறாளா. அக்கா, நீ இன்னைக்கு அம்மா வீட்டுக்கு வராதே, நான் சந்தோஷமாப் போறேங்கிறாளா. இல்ல அக்கா வீடுன்னா என் வீடு, அங்கயும் போக வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாளா, அப்படின்னா வேற எங்கடி போகப்போறே நீ. அவ தமிழுக்கு வால் கிடையாது. போறேன், போகணும், போகாதே, போயிட்டேன், எல்லாம் அவளுக்கு ஒரே போதான். பன்னெண்டு வருஷம் காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல்ல படிச்சா, பலகையில இருக்கறதைப் பார்த்து முத்து முத்தா எழுதுவா, எழுதினதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா என் மூஞ்சியைப் பார்ப்பா. ஒரு தடவை சித்தப்பா மகனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதி அனுப்பினா, அவன் அதைக் குடும்ப குரூப்ல போட்டு எல்லாரும் சிரிச்சாங்க, சிரிச்ச மூஞ்சி பொம்மையா வரிசையா வந்துச்சு, அதுக்குக் காது தேவையில்லையே, புரிஞ்சுடுச்சு அவளுக்கு. அதோட எழுதறதை விட்டுட்டா. எதுவா இருந்தாலும் வீடியோ. போனை ஜன்னல்ல சாய்ச்சு வெச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் பேசுவா. எங்க அப்பா கட்சி மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த மனுஷன், எனக்கு அருள்விழின்னு வெச்சாரு, எட்டு வருஷம் கழிச்சுப் பொறந்தவளுக்கு மணிமொழி. எனக்கு ஆறு வயசுலயே கண்ணாடி போட்டாச்சு, அவளுக்கு மொழியே வரல. மனுஷன் பேரை மாத்தி வெச்சிருந்தாலாவது பொருத்தமா இருந்திருக்கும்.

என் போன் மட்டும் இருந்திருந்தா இந்தக் கூத்தே இல்ல. முந்தாநாள் தண்ணி வாளியில விழுந்துச்சு, கடைக்காரன் நாளைக்கு வாங்க நாளைக்கு வாங்கங்கிறான். அதனாலதான் அவகிட்ட என் வீட்டுக்காரர் போன்லேருந்து வீடியோ கால்ல வந்து, ரெண்டு நாளைக்கு மெயில்ல அனுப்புடின்னு கையால சொன்னேன். சொல்றப்ப பெரிய புத்திசாலின்னு நெனப்பு. இந்த ஆபீஸ்ல மெயில் பார்க்க இந்தப் பிரேக் ரூம் கம்ப்யூட்டர் ஒண்ணுதான், உள்ள ஆஸ்பத்திரி பில்லு டைப் அடிக்கிற ஹால்ல பேனா கூட கொண்டுபோக விடமாட்டாங்க, எல்லார் போனும் வெளிய பெட்டியில பூட்டியிருக்கு. ரியாஸ்தான் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி, டீ எடுக்க வந்தவரை நிறுத்தி, தம்பி, இது படம் வரமாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்னேன். அவரு குனிஞ்சு, ஃபைல் பேரை மாத்திப் பார்ப்போம் அக்கான்னு கடைசியில இருந்த மூணு எழுத்தை அழிச்சுட்டு எம்பி ஃபோர்னு போட்டாரு. எனக்கும் நம்பிக்கை வந்துச்சு. திறந்தோம், அதே கறுப்பு. அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. "பேரு மாத்தினா ஆளு மாறுமா, நானும் ஒரு லூசு," அப்படின்னாரு. இன்னொரு பிரவுசர்ல போட்டுப் பார்த்தாரு, அது இன்னும் மோசம், இந்த ஃபைலை இயக்க முடியாதுன்னு ஒரு வரியோட கதவைச் சாத்திடுச்சு. "புதுப் போன்ல எடுத்திருக்காங்க அக்கா. இடம் அடைக்கக்கூடாதுன்னு படத்தைப் புது முறையில சுருக்கி வெச்சிருக்கு. இந்தப் பிரவுசருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. சத்தம் பழைய முறை, அது மட்டும் புரியுது." வேற பிளேயர் போடலாமேன்னேன். போட விடாது, பூட்டியிருக்கு. நெட்ல மாத்திக் குடுக்கிற சைட்? எல்லாத்தையும் தடுத்து வெச்சிருக்காங்க. ஹெட் ஆபீஸுக்கு எழுதினா திறந்து விடுவாங்க, நாலு மணி நேரம் ஆகும். "ஒரு மணிக்கு லஞ்சுல வெளிய வாங்க அக்கா, என் போன்ல பார்த்துடலாம்," ன்னு சொல்லிட்டு டீயோட போயிட்டாரு. ஒரு மணிக்குள்ள அவளைக் கார்ல ஏத்தி அனுப்பியிருப்பாங்க. புதுப் போன் மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது. பழைய போன்ல எடுத்திருந்தா இந்நேரம் பார்த்திருப்பேன்.

சரி, படம்தானே இல்ல, காது இருக்கே எனக்கு. ரெண்டாவது தடவை ஓடவிட்டு ஸ்பீக்கர்கிட்ட காதைக் கொண்டுபோனேன். யோசிச்சுப் பார்த்தா இத்தனை வருஷத்துல அவ வீடியோவை நான் சத்தத்தோட கேட்டதே இல்ல, என்னத்துக்குன்னு மியூட்ல போட்டுடுவேன். ஃபேன். குக்கர், மூணு விசில், நிறுத்தும்மா, பருப்பு குழைஞ்சிடும். அப்புறம் எங்க அம்மா குரல், தூரத்துலேருந்து, அடுப்படியில பக்கத்து வீட்டு ராஜாம்பாளோட பேசிக்கிட்டு இருக்கு. "பாயசம் வெச்சுட்டேன், வடை மட்டும் அவங்க வந்ததும் சுடச்சுட..." இவ பின்னாடி அம்மா பேசறது இவளுக்குத் தெரியாது, இவ முன்னாடி போன் ஓடறது அம்மாவுக்குத் தெரியாது, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள இருக்காங்க. வடைக்கு உளுந்து கம்மியா ஊறிடுச்சாம். மகளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாத அம்மாவுக்கு உளுந்து தெரியுது. நான் மட்டும் என்ன யோக்கியமா, அஞ்சு வாரமா அவ அம்மா வீட்டுல இருக்கா, இருபது கிலோமீட்டர், ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை போனேன், போனவ மீன் குழம்பு சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன். கிட்டக்க அந்தக் கலகலன்னு, அது அவ வளையல். கல்யாணத்துக்கு முன்னாடி ஒத்தை ரப்பர் வளையல் போடுவா, இப்ப கை நிறையக் கண்ணாடி வளையல், ஒவ்வொரு வார்த்தைக்கும் குலுங்குது. கல்யாணம் ஆனதுக்கப்புறம் அவ கைக்குச் சத்தம் வந்திருக்கு, அது அவளுக்கே தெரியாது.

கலகலன்னா என்ன வார்த்தை. நானே உண்டாக்கின பாஷைதானே, பாதி அவ உண்டாக்கினது, பாதி நான், ஸ்கூல்ல கத்துக்குடுத்தது தனி. வீடுன்னா ரெண்டு கை விரலும் கூரை மாதிரி, சத்தமில்ல. அம்மான்னா மூக்குத்தி இருக்கற இடத்தைத் தொடணும், சத்தமில்ல. அக்கான்னா என் கண்ணாடி, கண்ணோரம் ரெண்டு தட்டு. வேண்டாம்னா மணிக்கட்டை ஒரு உதறு, எறும்பைத் தட்டிவிடற மாதிரி, அதுக்கு இப்ப வளையல் குலுங்கும், ஆனா போங்கறதுக்கும் குலுங்கும், சோறுன்னாலும் குலுங்கும். இருபத்திரண்டாவது செகண்டுல பட் பட்டுன்னு ரெண்டு சத்தம் வந்துச்சே, அதுதான் பிடிபடல. ரெண்டு உள்ளங்கையையும் தட்டித் தூசி உதறினா முடிஞ்சுதுன்னு அர்த்தம். வலது கையால இடது புறங்கையில அடிச்சா அடிக்கிறான்னு அர்த்தம். முடிஞ்சுதுங்கிறாளா, அடிக்கிறார்ங்கிறாளா. படம் இருந்தா ஒரு பார்வையில தெரிஞ்சுடும், படம் இல்லாம ரெண்டும் ஒரே பட் பட். மாப்பிள்ளை அடிக்கிற ஆளாத் தெரியல. பெரம்பலூர்ல பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வெச்சிருக்காரு, மதியழகன், குனிஞ்ச தலை நிமிராத மனுஷன், குடி கிடையாது. எத்தனையோ குனிஞ்ச தலையைப் பார்த்தாச்சு. அப்ப முடிஞ்சுதுன்னா என்ன முடிஞ்சுது. பை கட்டி முடிஞ்சுதா, எல்லாமே முடிஞ்சுதா, ரூம்ல மேல ஃபேன் இருக்கு, கொடியில அம்மா புடவை இருக்கும், சீச்சீ, என்ன புத்தி எனக்கு, வாயைக் கழுவணும். பதினொண்ணு ஆறு.

வீடியோ தெரியல எழுதுன்னு பதில் அனுப்பினேன். உடனே வந்துடுச்சு பதில், போனைக் கையிலேயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அக்கா பார். அவ்வளவுதான். கறுப்பு தெரியுது, உன்னைத் தெரியல, எழுதுடின்னு திரும்பவும் அடிச்சேன். அக்கா பார் நான் சொன்னேன் பார். பார்க்கத்தானே முடியல செல்லம். அவளுக்கு இது எப்படிப் புரியும், அவ கையிலே ஓட்டிப் பார்க்கிறப்ப பளிச்சுன்னு ஓடுது, ஒரு கம்ப்யூட்டருக்குச் சத்தம் தெரியும் படம் தெரியாதுன்னு சொன்னா நம்பவே மாட்டா, அக்கா பொய் சொல்றான்னு நினைப்பா. நினைக்கட்டும், நினைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. பேசாம எந்திரிச்சு வெளிய போய், ரியாஸ் தம்பி போனைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியதுதானே. ஷிப்ட்டு நடுவுல வெளிய போனா அரை நாள் லீவு, இது மூணாவது அரை நாள், மெமோ குடுப்பாங்க, குடுத்துட்டுப் போறாங்க, அதுவா இப்ப பெருசு. அது பெருசில்ல. உண்மையைச் சொல்லணும்னா, என்னைச் சுத்தி நாலு சுவரு பூட்டியிருக்கறது எனக்கு ஒரு விதத்துல சௌகரியமா இருக்கு. படம் வரலைன்னா நான் பார்க்கல, பார்க்கலைன்னா எனக்குத் தெரியாது, தெரியாதுன்னா ஒரு மணிக்கு அவ கிளம்பிப் போனதுக்கப்புறம், அடடா, அந்தக் கம்ப்யூட்டர்ல ஓடவே இல்லடின்னு சொல்லிடலாம். அது பொய் கூட இல்ல. கோளாறு அதோடதுன்னு ரியாஸே சாட்சி சொல்வாரு. தூ, நானும் ஒரு அக்கா.

போன கார்த்திகையில பொண்ணு பார்க்க வந்தாங்க. ஏழெட்டுப் பேர், பஜ்ஜி, காபி, எல்லாம் முடிஞ்சு அம்மாவுக்கும் அவங்களுக்கும் திருப்தி, அப்பதான் மாப்பிள்ளையோட அக்கா என்னைப் பார்த்து, "பொண்ணுக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்," அப்படின்னாங்க. எங்க வீட்டுல அதுவரைக்கும் அவளை யாரும் எதுக்கும் அப்படி மரியாதையாக் கேட்டதில்ல, நான் உட்பட. அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிடணும் போல இருந்துச்சு, இப்ப கட்டிப்பிடிச்சு அழணும் போல இருக்கு. திரும்பி அவளைப் பார்த்தேன், பார்த்தா கை எந்திரிக்கல, ஏன்னா சம்மதம்ங்கிற வார்த்தைக்கு எங்ககிட்ட கையே இல்ல. பசிக்குதா, தூக்கம் வருதா, தலை வலிக்குதா, யாரு அடிச்சா, எல்லாத்துக்கும் கை இருந்துச்சு, இருபத்தஞ்சு வருஷத்துல அது ஒண்ணு தேவைப்படல. கடைசியில வேணுமான்னு கேட்டேன், மிட்டாய் வேணுமான்னு சின்ன வயசுல கேப்பேனே, அதே கை. அவ எல்லாரையும் ஒரு தடவை பார்த்தா. மடியில இருந்த கை மடியிலேயே இருந்துச்சு, பெரியவங்க இருக்காங்கன்னு மரியாதையா, சின்னதா, மணிக்கட்டை ஒரே ஒரு உதறு. வேண்டாம். அவ்வளவு பேருல அது தெரிஞ்சது எனக்கு மட்டும்தான். என்ன சொல்றான்னு அம்மா கேட்டுச்சு. சரிங்கிறா, அப்படின்னேன். ஏன் சொன்னேன்னு எத்தனை தடவை கேட்டுட்டேன் என்னையே. நல்ல இடம், நல்ல மனுஷன், அம்மா கண்ணுல தண்ணி நின்னுச்சு, அதெல்லாம் காரணம்தான், ஆனா அதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கிட்டது. அந்த நிமிஷம் எனக்கு அசதியா இருந்துச்சு. ரேஷன் கடையில அவளுக்காகப் பேசி, டாக்டர்கிட்ட பேசி, பஸ்ல பேசி, என் கல்யாண மேடையில தாலி கட்டற நேரத்துல கூட அவ கீழேயிருந்து கேக்கறதுக்குப் பதில் சொல்லி, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாயை வெச்சுக்கிட்டுப் பேசி அலுத்துப்போச்சு. இனிமே வேற யாராவது பேசட்டும்னு ஆயிடுச்சு. ஒரு வார்த்தைதான் மாத்தினேன். அவ என் உதட்டைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தா. வேண்டாம்னு சொன்னா கடைசியில உதடு ஒட்டும், சரின்னா ஒட்டாது, பல்லு தெரியும். அவளுக்குத் தெரிஞ்சுது. ஒரு கை கூட அசைக்காம பஜ்ஜி தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

மூணாவது தடவை. இதுவே கடைசி, பதினொண்ணு பத்து ஆயிடுச்சு. கண்ணை மூடிக்கிட்டேன், அந்தக் கறுப்பையும் அதுல தெரியற என் மூஞ்சியையும் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போச்சு. ஃபேன், குக்கர், உளுந்து, வளையல். இருபத்திரண்டு. பட் பட். அதோட சேர்ந்து அம்மா குரல், இப்ப கிட்டத்துல, "மொழி, புடவையை மாத்துடி, நேரமாச்சு." கதவைத் தட்டற சத்தம் அது. அடியும் இல்ல முடிஞ்சுதும் இல்ல, எங்க அம்மா காது கேக்காத பொண்ணு இருக்கற ரூம் கதவைத் தட்டுது, இருபத்தாறு வருஷமாத் தட்டுது. அப்ப உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கா. எனக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது. முப்பத்தெட்டுல வளையல் வேற மாதிரி கேட்டுச்சு. குலுங்கல, உரசுது, ஒண்ணொண்ணா, மேசை மேல கண்ணாடி வைக்கிற மெல்லிசான சத்தம். வளையலைக் கழட்டறா. கல்யாணமான பொண்ணு வளையலைக் கழட்டறது அம்மா கண்ணுல பட்டா வீடே ரெண்டாயிடும். இவ அதுக்காகக் கழட்டியிருக்க மாட்டா, எனக்குத் தெரியும், முக்கியமா ஏதாவது சொல்லணும்னா அவளுக்குக் கை காலியா இருக்கணும், மோதிரம் கூட ஆகாது. அப்ப இனிமேதான் சொல்லப்போறா. நான் ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வெச்சேன், வெச்சா ஒண்ணுமே இல்ல. ஃபேன் மட்டும். வளையல் போயிடுச்சு, கைக்குச் சத்தம் போயிடுச்சு. ஐம்பது செகண்ட், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் இருபது, அவ பேசறா, நிறுத்தாம பேசறா, என் தங்கச்சி வாழ்நாள்ல இவ்வளவு நீளமா என்கிட்ட பேசினதில்ல, நான் ஒரு அடி தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு ஃபேன் ஓடறதைக் கேக்கறேன். ஊமைன்னு அவளைத்தான் எல்லாரும் சொன்னாங்க. ஸ்கிரீனைப் பிடிச்சு உலுக்கலாமான்னு இருக்கு, அது என்ன பண்ணும் பாவம், அதுக்குத் தெரிஞ்சதை அது சொல்லுது. ஒரு நிமிஷம் நாப்பத்தொண்ணு. தொண்டையைக் கனைக்கிற சத்தம். அப்புறம் ஒரு குரல். தடிச்ச, எங்கேயும் போய் நிக்கத் தெரியாத ஒரு குரல். "பே...டா...ம்." ஸ்கூல்ல ஒரு டீச்சர் தொண்டையில கையை வெச்சு வெச்சுப் பழக்கினாங்க, அம்மா, பால், வேண்டாம், இந்த மூணும் ஓரளவு வந்துச்சு, பத்து வயசுல பஸ்ல அம்மான்னு கூப்பிட்டா, முன் சீட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க, அன்னைக்கு வாயை மூடினவதான். பதினாறு வருஷம். இன்னொரு தடவை, இன்னும் சத்தமா, "பேண்டாம்." உதடு ஒட்டற சத்தம் கூடக் கேட்டுச்சு. கையால சொன்னா அக்கா மாத்திடுவான்னு வாயால சொல்லியிருக்கா. அவளுக்கே கேக்காத குரல்ல சொல்லியிருக்கா.

பின்னால மைக்ரோவேவ்கிட்ட பேச்சு நின்னுடுச்சு. நான் திரும்பல. டீம் லீடர் கதவுல தலையை நீட்டி, "விழி, டைம் ஆச்சு," ன்னாங்க. சரிங்க மேடம்னு வாய் தானா சொல்லுச்சு, இந்த வாய்க்குச் சரியைத் தவிர வேற ஒண்ணும் வராது போல. எந்திரிச்சேன், கால் ஹால் பக்கம் போகல, வாசல்ல செக்யூரிட்டி பிலோமினாக்கா மேசைக்குப் போச்சு, அங்க அவசரத்துக்கு ஒரு போன் இருக்கு. நோட்டுல பேரு, நம்பரு, காரணம் எழுதணும். காரணம்ங்கிற கட்டத்துல குடும்பம்னு எழுதினேன். பிலோமினாக்கா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "உட்கார்ந்து பேசுங்க," ன்னு ஸ்டூலைத் தள்ளிவிட்டாங்க. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அம்மாவோடது ஒண்ணுதான்.

மூணு ரிங்குல எடுத்துடுச்சு. "யாரு?" நான்தாம்மா விழின்னேன். "நல்ல நேரத்துல கூப்பிட்டடி. பன்னெண்டுக்கு வரேன்னவங்க இப்பவே வந்துட்டாங்க, இவ கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் திறக்கமாட்டேங்கிறா, ஜன்னல் வழியாப் பார்த்தா கையைக் கையை ஆட்டறா, எனக்கு ஒண்ணும் விளங்கல. மாப்பிள்ளை முன்னாடி மானம் போகுது. அவ என்னதான்டி சொல்றா?" வேண்டாம்ங்கிறாம்மா, அப்படின்னேன். "என்ன வேண்டாம்? பாயசமா?" அந்த வீட்டுக்குப் போக வேண்டாம்ங்கிறா. கல்யாணம் வேண்டாம்ங்கிறா. "என்னடி இது, புதுசா?" புதுசில்லம்மா, பொண்ணு பார்க்க வந்தப்பவே சொன்னா, நான்தான் உங்க எல்லார்கிட்டயும் சரிங்கிறான்னு மாத்திச் சொல்லிட்டேன், அவ சரின்னு சொல்லவே இல்ல. சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் நெஞ்சு லேசாகும்னு நெனச்சேன், ஆகல. அம்மா கத்தும்னு காதைக் கொஞ்சம் தள்ளி வெச்சேன். அம்மா கத்தல. யாரோ நாற்காலியை நகர்த்தற சத்தம். யாரோ இருமறாங்க. அம்மா ரொம்ப மெதுவா, "கையெல்லாம் மாவுன்னு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்டி," ன்னுச்சு.

வெச்சிடலாமான்னு ரிசீவரைப் பார்த்தேன், பிலோமினாக்கா என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. அப்பதான் மதியழகன் குரல் வந்துச்சு. "அண்ணி." சொல்லுங்க மாப்பிள்ளைன்னேன். "வேண்டாம்ங்கறதுக்கு அவ கையை எப்படிக் காட்டுவா?" மணிக்கட்டை ஒரு உதறு உதறுவான்னு சொன்னேன். "இப்படியா?" ன்னாரு. அவரு எப்படிக் காட்டறாருன்னு எனக்கெங்க தெரியும், ஆனா அவரு பார்த்திருக்காருன்னு தெரிஞ்சுது, ஆமான்னேன். அப்புறம் யாரையும் குத்தம் சொல்ற குரல்ல இல்லாம, சாதாரணமாத்தான் சொன்னாரு. "வந்த நாள்லேருந்து தினமும் அப்படித்தான் உதறுவா அண்ணி. கை வலிக்குது போலன்னு நெனச்சு, ஆறு மாசமா நான் தைலம் தேய்ச்சு விட்டுக்கிட்டு இருந்தேன்."